தேங்காயெண்ணெயும் ஐப்பசி மழையும்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு மருந்து சப்ளை செய்யும் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளாக மிக்ஸி ஆடாமலிருக்க அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று பூஜைக்காக மிக்ஸியைத் துடைக்கத் தூக்கினேன், அகப்பட்டது. சரஸ்வதி பூஜையன்று எழுதக்கூடாது, படிக்கக்கூடாது என்பார்கள். வருஷம் முழுக்க ஊரார் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எழுதியே விரல் தேய்ந்தவள் நான். ஒரு நாள் எனக்காக எழுதினால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காலையிலிருந்து இரும்பு துடைக்கும் வேலை. எங்கள் அம்மா வீட்டு வழக்கப்படி தேங்காயெண்ணெய் தொட்ட துணியால்தான் துடைப்பேன். துருப்பிடிக்காது, பளபளப்பும் வரும். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வீட்டுக்காரரின் சைக்கிளுக்கு வந்தேன். ஆகஸ்டில் வாங்கியது. அதில் எது என்ன பாகம் என்று எனக்குத் தெரியாது. சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வெள்ளித் தட்டு இருக்கிறது, முறுக்கு அச்சுக்குப் போடும் தகடு மாதிரி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தூசியும் கறுப்புமாக அசிங்கமாக இருந்தது. அதைத்தான் அதிக நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம், அப்படி ஆக்கிவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். "பளபளன்னு இருக்கே" என்றார். மீசை ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் கொடுத்த பாராட்டுப் பத்திரங்களில் இது நீளமானது.

அக்டோபர் 6, திங்கள்

வானத்தில் மேகம் இல்லை. இவருக்கு மட்டும் மழைக்காலம் தொடங்கிவிட்டது. சைக்கிள் கோஷ்டியின் வாட்ஸ்அப்பில் காலையிலேயே குரல் பதிவு. "வணக்கம், ஆதிமூலம் பேசுகிறேன்" என்று ரேடியோ செய்தி வாசிப்பது போல ஆரம்பிக்கிறார். வேறு யார் பேசுவார்கள் இவர் போனில்?

மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறும்போது பிரேக் பிடிக்காதே, வழுக்கும். சாக்கடை மூடி மேல் போகாதே. தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போ, அடியில் பள்ளமா பாதாளமா என்று யாருக்கும் தெரியாது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறை. பகலிலும் விளக்குப் போடு. இப்படியே போகிறது. மழை பெய்தால் வீட்டில் இரு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மில்லை மூடிய பிறகு இரண்டு வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷர் இவர். விளம்பரம் வந்தால்கூடச் சேனல் மாற்றமாட்டார். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், படுங்கள் என்றால் படுப்பார். டைல்ஸ் கடையில் ஸ்டோர் வேலை கிடைத்தும் அப்படித்தான் போய் வந்தார். சைக்கிள் வந்த பிறகு வாய் மூடுவதில்லை. எது தேவலை என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நான்கு நாளாகப் பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறதாம், முன்போலப் பிடிக்கவும் இல்லையாம். கேட்டதற்கு, "புது பிரேக்கு. பழகணும்" என்றார். இந்தியில் யாரோ பேசும் வீடியோவை ஒரு மணி நேரம் பார்த்துக் கற்றுக்கொண்ட ஞானம். இவருக்கு இந்தி தெரியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

சைக்கிள் கோஷ்டி வீட்டுக்கு வந்தது. உடம்பைக் குறைக்கச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என் வீட்டு வாழைக்காய் பஜ்ஜியை அடுக்கு அடுக்காகக் காலி செய்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சவரிநாதன். பிரான்சில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் எங்கள் வில்லியனூரே அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். நம்ம ஊர் மழையை அவர் மழை என்றே ஒப்புக்கொள்வதில்லை. "எங்க பிரான்சுல ஜனவரில ஓட்டணும்மா, அப்பத் தெரியும்" என்றார். அங்கேயே இருந்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. பஜ்ஜித் தட்டை நீட்டினேன்.

முதல் பெருமழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரை வரை நனைந்துகொண்டே போவதாம். அதற்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் இவர். ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு கையில்லாச் சட்டையை முசே எழுந்து நின்று மாட்டிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் போன பிறகும் கழற்றவில்லை. அதோடுதான் ராத்திரி சாப்பிட்டார். சாலை வேலைக்காரருக்குச் சோறு போட்டது போல இருந்தது. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

அக்டோபர் 19, ஞாயிறு

விழுந்துவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இடது தோள்பட்டைக்குப் பக்கத்தில் காறை எலும்பு முறிவு. கையைத் துணித் தொட்டிலில் கட்டி அனுப்பிவிட்டார்கள். தலைக்கு ஒன்றுமில்லை, ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருக்கிறது.

நேற்று விடியற்காலையிலிருந்து அடித்துப் பெய்தது. இவர்தான் முன்னால் போயிருக்கிறார். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி டவுன் பக்கம் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கவே இல்லையாம். கீழே ஓரமாக நின்றிருந்த இளநீர் வண்டியில் நேராகப் போய் மோதியிருக்கிறார். "மெதுவா, எல்லாரும் மெதுவா" என்று கத்திக்கொண்டே இறங்கினார், நாங்கள் எங்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம் என்று முசே சொன்னார். சொல்லும்போது அவர் வாயோரம் துடித்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் என் பிராணன் என்னிடம் இல்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "காலைலயே காத்தைக் குறைச்சேனே, வெள்ளைக் கோட்டுலகூட ஏறலியே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா விதியையும் கடைப்பிடித்தும் விழுந்தது எப்படி என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன தெரியும்? சரஸ்வதி பூஜையன்று டைரி எழுதிய வினையோ என்னவோ.

அக்டோபர் 23, வியாழன்

முசே சைக்கிளைக் கொண்டுவந்து விட்டார். வாசலில் அதைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளித் தட்டை விரலால் தடவி மூக்கில் வைத்து முகர்ந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"ஆதி, இதுல எண்ணெ பட்டுருக்குய்யா. டிஸ்குல எண்ணெ பட்டா பிரேக்கு எப்பிடிப் புடிக்கும்? அதும் மழையில? தேங்காயெண்ணெ வாசன வருது."

இவர் அந்தத் தட்டையே பார்த்தார். பிறகு, "நான்தான் முசே. செயினுக்கு எண்ணெ வுடறப்பப் பட்டிருக்கும்" என்றார்.

"செயினுக்குத் தேங்காயெண்ணெயா?"

"கைக்கு ஆப்ட்டத வுட்டேன்."

முசே சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொன்னவர் சொந்தப் பிரேக்குக்கு எண்ணெய் போட்டாராம். நானும் ஆச்சரியப்பட்டேன். செயினுக்குப் போய் தேங்காயெண்ணெய் விடுவாரா ஒரு மனுஷர்? எப்போது விட்டார்? நான் பார்க்கவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கும்.

எண்ணெய்ப் புட்டி அடுப்பு மேடையில் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. எடுத்து மேல் ஷெல்ஃபில், பெரிய அண்டாவுக்குப் பின்னால் வைத்தேன். கண்ட இடத்தில் வைத்தால் கண்டதற்கும் எடுத்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் ஒரே கும்மாளம். தேங்காய் படம், எண்ணெய்ப் புட்டி படம், இளநீர் வண்டி படம். இவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், தேங்காயெண்ணெய் ஆதி. தலைக்கு வைத்தால் முடி வளரும், பிரேக்குக்கு வைத்தால் எலும்பு முறியும் என்று ஒருவர் பதிவு போட, அதற்குப் பன்னிரண்டு பேர் உருண்டு சிரித்திருக்கிறார்கள். என் பஜ்ஜியைத் தின்றவர்கள் அத்தனை பேரும் அதில் உண்டு. முசே சாயந்திரம் வந்து உடம்பு விசாரித்துவிட்டு ஆரஞ்சுச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "வேற ஆள்கிட்டக் குடுக்கணும்மா, தப்பா நெனக்காதீங்க" என்றார். துவைத்து மடித்துத்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் கையில் ஒரு குத்து விட்டிருக்கலாம்.

இவர் டிவியைப் போட்டார். பல்பொடி விளம்பரம் ஓடியது. முழுதும் பார்த்தார்.

தலைக்கு எண்ணெய் எங்கே என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இதுவரை தினமும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லேபுக்குப் போனவள் நான். கற்றுத்தருகிறேன் என்று இவர் சொல்லியே மகளைப் பெற்று வளர்த்துக் கோயம்புத்தூரில் காலேஜுக்கும் அனுப்பியாகிவிட்டது. நான் இன்னும் பின்சீட்டில்தான். ஆறரைக்கு லேபைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்து நிமிஷம் தாமதமானாலும் ஏதோ நான்தான் அவர்கள் இட்லியைப் பறித்தது போலப் பார்ப்பார்கள். மழையில் அந்நேரத்துக்கு ஆட்டோ வருவதில்லை, வந்தாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி என்று திரும்பிவிடுகிறான்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எடுத்தேன். பெண்கள் சைக்கிள், முன்னால் கூடை, ரப்பர் கட்டை பிரேக். தட்டு கிட்டு ஒன்றும் கிடையாது, பார்த்துக்கொண்டேன்.

போன வேகத்தில் லேபுக்குப் போய் நின்றபோது முதுகில் சேற்றுக் கோடு, கழுத்திலிருந்து இடுப்புவரை. துப்பட்டா செயினில் மாட்டி முனை கிழிந்துவிட்டது. போட்டிருந்த மழைக் கோட்டுக்கு உள்ளே வெளியே என்று வித்தியாசம் இல்லை, வெளியே மழை, உள்ளே வியர்வை. சாக்ஸைப் பிழிந்தால் ஒரு டம்ளர். சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, முதலில் நீங்கள் உட்காருங்கள் என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

சோபாவில் இருந்தபடியே எனக்குப் பாடம் நடக்கிறது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுகிறார். மழைக் கோட்டு வேண்டாம், போர்த்துகிற மாதிரி ஒன்று போடு, கீழே காற்றுப் போகும். ஆனால் முனையைக் கட்டிவிடு, இல்லையென்றால் பாய்மரம் ஆகிவிடும். வேலைக்கு உடுத்துவதை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கூடையில் வை, அங்கே போய் மாற்று. சாக்ஸ் போடாதே, ரப்பர் செருப்பில் போ.

எல்லாவற்றுக்கும் "தெரியும் தெரியும்" என்றேன். எல்லாவற்றையும் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளைக் கோடு நிஜமாகவே வழுக்குகிறது.

நவம்பர் 12, புதன்

நேற்று லேபிலிருந்து வந்தால் என் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் மட்கார்ட் நீண்டிருக்கிறது. பெயின்ட் டப்பாவை வெட்டி, ஒரு கையால் ஓட்டை போட்டு, கம்பியால் கட்டியிருக்கிறார். கம்பியைப் பல்லால் முறுக்கியிருப்பார், உதடு கிழிந்திருந்தது. பின்னால் பளிச்சென்று மின்னும் சிவப்புத் தாள் வேறு. "சும்மாதான இருந்தேன்" என்றார். பார்க்க வீடு வெள்ளையடிக்கக் கிளம்பினவள் மாதிரிதான் இருந்தது. இன்று முதுகில் சேறு இல்லை.

தினமும் நான் திரும்புகிற நேரத்துக்கு பால்கனியில் நிற்கிறார், தோளில் துண்டோடு. மழையைப் பார்க்கிறாராம். மழை தெருவுக்கு அந்தப் பக்கம் பெய்யாதா? பாலத்துப் பக்கமே திரும்பிப் பார்ப்பானேன்?

நவம்பர் 19, புதன்

பாலத்தில் இறங்கும்போது தினமும் இரண்டு பிரேக்கையும் பிடித்து நத்தை மாதிரி இறங்குகிறேன். கீழே இளநீர்க்காரர் தன் வண்டியை நகர்த்தி வைத்துக்கொள்கிறார். "உங்க வீட்டுக்காரர் எப்பிடிம்மா இருக்காரு? அன்னிக்கு வண்டி போன வேகத்துல நான் செத்தேன்னு நெனச்சேன்" என்றார். நானும் அதே இடத்தை தினமும் இரண்டு முறை கடக்கிறேன். பழகவில்லை.

நவம்பர் 27, வியாழன்

எலும்பு கூடிவிட்டது, கையை ஆட்டலாம், கொஞ்ச நாளில் சைக்கிள்கூட ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து இவர் சொன்னது, சைக்கிளை விற்றுவிடப்போகிறேன்.

ஏன் என்றேன்.

"சொந்தப் பிரேக்க ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு சைக்கிளு? ஊரே சிரிக்குது."

டிவியில் யாரோ புடவை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். சோறு வெந்துவிட்டதா பார்க்கப் போய்விட்டேன். அடுப்புப் பக்கத்தில் நின்று கொஞ்சம் அழுதேன், வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. மறுபடியும் அந்த இரண்டு வருஷத்து மனுஷரோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. அவர் வாயை மூடச் சொல்லி எத்தனை தரம் கத்தியிருப்பேன். மூடிக் காட்டுகிறார்.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

மதியம் கைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அவர் கிளம்பிப் போனார். லேபிலிருந்து வரும்போது ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்திருந்தேன். ஸ்பிரிட் நான் கடையில் வாங்கியது, லேபுடையது இல்லை, டைரியில் தெளிவாக இருக்கட்டும். ரத்தம் எடுக்கும்போது போடும் கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தட்டைத் துடைத்தேன், பஞ்சு கறுக்காமல் வரும்வரை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பிரேக் கட்டைகள் எண்ணெயைக் குடித்திருக்கும், இனி உதவாது, மாற்றத்தான் வேண்டும் என்று டவுனில் சைக்கிள் கடைக்காரர் சொல்லியிருந்தார். யார் எண்ணெய் போட்டது என்று அவர் கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, விவரம் போதாது என்று சொல்லிவைத்தேன். புதுக் கட்டையை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார். நரம்பு தேடி ஊசி போடுகிற கைக்கு இது கஷ்டமில்லை. போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், சட்டென்று நின்றது. சத்தமும் இல்லை.

எதற்குச் செய்தேன்? ஒரு பொருளை விற்பதாக இருந்தாலும் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசலெல்லாம் அகல் விளக்கு வைத்தேன். அவரும் வந்து தீக்குச்சி உரசினார். மழைச் சாரலில் பாதி அணைந்துவிட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

சைக்கிள் வாங்க ஒருவர் வந்தார். முசே அனுப்பின ஆள், வாயில் பாக்கு, கழுத்தில் ஹெட்போன். இவர் குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் காட்டினேன். வண்டியின் சட்டம் உள்ளே வளைந்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னார் என்றேன். எந்த டாக்டர் என்றார். எலும்பு டாக்டர் என்றேன். இந்த வண்டி வந்ததிலிருந்து வீட்டில் நல்லது எதுவும் நடக்கவில்லை, போன வாரம்கூடச் சும்மா நின்ற இடத்திலேயே சாய்ந்தது, என் காலில் விழுந்தது என்றேன். சனிக்கிழமை பிறந்த வண்டி என்றேன். அதற்கு மேல் எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம், ஆளுக்குப் பிடிக்கவில்லையாம் என்றேன். குளியலறை ஜன்னல் வாசல் பக்கம் பார்த்துதான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது. அவர் தலைமுடி ஒன்றரை மாதமாக எண்ணெய் காணாமல் துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. என் தலையும் அப்படித்தான். எண்ணெய் வாங்க மறந்துகொண்டே இருக்கிறேன் என்று தினமும் சொல்கிறேன், அவரும் தினமும் சரி என்கிறார்.

டிசம்பர் 29, திங்கள்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

புயல் சின்னம், ராத்திரியிலிருந்து விடாத மழை. லேப் லீவு இல்லை. பாலத்தில் இறங்கும்போது பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. விழவில்லை, காலை ஊன்றி நின்றுவிட்டேன். தள்ளிக்கொண்டு போய் இளநீர்க்காரரின் தார்ப்பாய்க்கு அடியில் நின்று இவருக்குப் போன் செய்தேன். லேபுக்குச் சொல்லிவிடுங்கள், நான் நடந்துதான் வர வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். "அங்கயே நில்லு" என்று வைத்துவிட்டார்.

ஆட்டோவில் வருவார் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் ஓடாமலே நின்று பேட்டரி செத்துக் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாலத்து உச்சியில் ஒரு விளக்கு தெரிந்தது. சைக்கிள் விளக்கு. இவருடைய நீலச் சட்டையை எனக்குத் தெரியாதா?

தேய்த்தது, துடைத்தது, மாற்றியது எல்லாம் ஒரே நேரத்தில் மூளைக்குள் ஓடின. கட்டையைச் சரியாகத்தான் போட்டேனா? ஸ்க்ரூவை முறுக்கினேனா? மழை முகத்தில் அடிக்கிறது, அவர் இறங்கிக்கொண்டிருக்கிறார், நான் கடவுளைக் கூப்பிடவில்லை, கடைக்காரர் காட்டிக்கொடுத்ததை வரிசையாக ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளநீர்க்காரர் அவரை அடையாளம் கண்டதும் வண்டியைப் பின்னால் இழுத்தார்.

மெதுவாக, விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே வந்தார். எனக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, சத்தமே இல்லாமல் நின்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிரேக்கு நல்லாப் புடிக்குது" என்றார்.

"புடிக்காம?" என்றேன். வேறு என்ன சொல்ல? பஞ்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். டியூபை உருவி ஒட்டி மாட்டும்வரை, எவ்வளவு காற்று வைத்திருந்தாய், கல்லின் மேல் ஏற்றினாயா, பள்ளத்தைச் சுற்றிப் போகச் சொன்னேனே என்று ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தார். அப்படித் திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று. லேப் வரைக்கும் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைச் சபித்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

டைரியில் டிசம்பர் முடிந்துவிட்டது. பின்னால் போன் நம்பர் எழுத விட்டிருக்கும் பக்கத்தில் எழுதுகிறேன்.

நேற்று முசே வந்தார். குளிர்காலச் சவாரிக்கு மறுபடி கூப்பிடுகிறார். சட்டையைத் திருப்பித் தருகிறாராம். இவர், "சட்டை வேணாம் முசே, வரேன்" என்றார். முசே பஜ்ஜி கேட்டார், மாவு இல்லை என்று சொல்லிவிட்டேன். மாவு இருந்தது.

எங்களுக்கு மாடு இல்லை, அதனால் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். வாசலில் இரண்டு சைக்கிளும் நின்றன, அவருடையதும் என் பெயின்ட் டப்பா சைக்கிளும். நான் உலர்ந்த துணியும் சந்தனமுமாக வந்தேன். அவர் செயினுக்குச் சைக்கிள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், சின்னக் குழாயால், ஒவ்வொரு கண்ணியாக, கீழே துணி பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல். இந்த மனுஷரா கைக்குக் கிடைத்ததை ஊற்றுவார்?

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அமுதா, சட்டத்தெல்லாம் நல்லாத் தொடை. அந்தத் தட்ட மட்டும் வுட்டுடு. ஸ்பிரிட்ல தொடச்சது அப்பிடியே இருக்கட்டும்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எப்போது தெரியும் என்று கேட்டேன். விழுந்த அன்றைக்கே, விழுந்தபோது தட்டில் பட்ட கையை ஸ்ட்ரெச்சரில் முகத்துக்குக் கொண்டுவந்தபோதே வாசனை வந்தது என்றார். பூஜைக்கு அப்படிப் பளபளவென்று ஆனது எதனால் என்று அப்போதுதான் புரிந்ததாம்.

"அப்புறம் ஏன் முசேகிட்ட நீங்கன்னு சொன்னீங்க?"

"என்னைப் பாத்து சிரிச்சா நாலு மாசம் சிரிப்பானுங்க, மறந்துடுவானுங்க. உன் பேரச் சொல்லியிருந்தா, உன் கையால பஜ்ஜி தின்னுகிட்டே ஆயுசுக்கும் சிரிப்பானுங்க." செயினை ஒரு சுற்றுச் சுற்றினார். "தவிர, ஆசையாத்தான தேச்ச."

நல்ல வெயில். முகம் நனைந்தால் மழை என்று சொல்லக்கூட வழி இல்லை. துணியால் துடைத்துக்கொண்டேன், சந்தனம் கண்ணில் பட்டு எரிந்தது. நீங்கள் பேசாமல் இருந்து என்னை இத்தனை நாள் சாகடித்தீர்களே என்று கத்தினேன். நீ மட்டும் என்ன, பேசினாயா என்றார்.

சக்கரத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் பொட்டு வைத்து முடித்தேன். உள்ளே போக எழுந்தவளைக் கூப்பிட்டார்.

"அந்த அண்டாவுக்குப் பின்னால இருக்கற எண்ணெய இறக்கு. மூணு மாசமா தலை காயுது."

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.